காட்சி தானாகப் பேசாது

சிறுகதைப் பட்டறைக்குப் போய்வந்த யாரையாவது பிடித்து, அங்கே என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். மற்றதெல்லாம் மறந்திருக்கும். ஒன்றை மட்டும் பாராமல் ஒப்பிப்பார்கள்: "சொல்லாதே, காட்டு." எழுதத் தொடங்குகிறவருக்கு இன்று தமிழில் கிடைக்கிற முதல் அறிவுரையும் கடைசி அறிவுரையும் இதுதான். விமர்சனக் கூட்டத்தில் ஒரு நாவலைக் கவிழ்க்க வேண்டுமா? "ஆசிரியர் நிறையச் சொல்லிவிடுகிறார், காட்சிப்படுத்தவில்லை" என்றால் போதும். அரங்கம் தலையாட்டும். முன்வரிசையில் இருக்கும் நாவலாசிரியர் தலையைக் குனிந்துகொள்வார்.

இந்த விதி என்ன விளைச்சல் கொடுத்திருக்கிறது என்று பார்க்க, போட்டிக்கு வந்து குவியும் கதைகளைக் கொஞ்சம் புரட்டினால் தெரியும். கோபம் என்ற சொல்லே அவற்றில் கிடையாது. தாடை இறுகும், நெற்றி நரம்பு புடைக்கும், விரல்கள் மேசை விளிம்பைப் பற்றும். துக்கம் கிடையாது, ஜன்னலுக்கு வெளியே மழை பெய்யும். புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சு நின்றுபோனால் மேசைமேல் தேநீர் ஏடு கட்டி ஆறும். கதைகளில் இப்படிக் குடிக்காமல் ஆறவிட்ட தேநீருக்குக் காசு வாங்கினால் ஒரு டீக்கடைக்காரர் தாராளமாகக் குடும்பம் நடத்தலாம். எழுதியவர் கோயம்புத்தூரோ கொழும்போ, பாத்திரம் வங்கி மேலாளரோ மீன் விற்கிறவரோ, எல்லோருக்கும் ஒரே தாடைதான். ஒவ்வொரு மனுஷியின் கோபமும் ஒவ்வொரு மாதிரி என்பதைக் காட்டத்தானே கதை எழுத வந்தோம்? விதியைப் பின்பற்றியதில் அதுதான் முதலில் காணாமல்போனது.

இதை விதியின் குறை என்று சொல்லாமல், சரியாகக் காட்டத் தெரியாதவர்களின் குறை என்று சிலர் சமாளிப்பார்கள். என் சண்டை அதைவிட அடியில் இருக்கிறது. கண்ணால் பார்ப்பது தன் பொருளைத் தானே சொல்லிவிடும், நடுவில் ஆள் தேவையில்லை என்ற நம்பிக்கையில்தான் இந்த விதி நிற்கிறது. அந்த நம்பிக்கை பொய்.

விதிக்குச் சாட்சியாக எப்போதும் அழைக்கப்படுகிறவர் செகாவ். நிலா ஒளிர்கிறது என்று சொல்லாதே, உடைந்த கண்ணாடியில் அதன் மினுக்கைக் காட்டு என்று அவர் சொன்னதாக ஒரு வாசகம் சுவரொட்டியாகவே அச்சாகியிருக்கிறது. அந்த வடிவத்தில் அவர் அதை எழுதவில்லை. 1886 மே மாதம் அண்ணன் அலெக்ஸாண்டருக்கு எழுதிய கடிதத்தில், இயற்கையை வர்ணிக்கும்போது தேய்ந்த வார்த்தைகளை விட்டுவிட்டு அணைக்கட்டின் மேல் பாட்டில் துண்டு ஒன்று மின்னுவதையும் ஓடும் நாயின் நிழலையும் போடு, நிலவு இரவு தானே வந்துவிடும் என்கிற மாதிரி யோசனை சொல்கிறார். பாத்திரங்களின் மனநிலையையும் செயலிலேயே தெரிய வை என்கிறார். ஆக, காட்டு என்று அவர் சொன்னது உண்மைதான். சொன்னபோது வயது 26.

பதின்மூன்று வருடம் கழித்து, 1899-இல், அதே செகாவ் 'டார்லிங்' என்று ஆங்கிலம் வழியாக நமக்கு வந்த கதையை வெளியிட்டார். பட்டறைக்கு அந்தக் கதையைப் பெயர் போடாமல் அனுப்பினால் திரும்பி வந்துவிடும். ஏறக்குறைய முழுக்கவும் சொல்லல். ஓலென்கா என்றொரு பெண். முதலில் நாடகக் கொட்டகை நடத்தும் கூக்கினைக் கட்டிக்கொள்கிறாள். உலகத்திலேயே நாடகம்தான் முக்கியம் என்கிறாள். அவன் சாகிறான். மூன்று மாதத்தில் மரக்கடைக்காரன் ஒருவன் மேல் மனம் போகிறது. கட்டிக்கொண்டபின் கனவில்கூடப் பலகையும் உத்தரமும்தான். அவனும் போகிறான். பிறகு ஒரு கால்நடை மருத்துவர். அப்போது அவள் வாயில் மாட்டு நோயைத் தவிர வேறு பேச்சில்லை. ஒரு ஆயுளைச் சில பக்கங்களில், லேசான கேலியும் அதற்கடியில் பிரியமுமாக, ஒரு குரல் சொல்லிக்கொண்டே போகிறது. டால்ஸ்டாய்க்கு இந்தக் கதை மிகவும் பிடித்து, தன் தொகுப்பு ஒன்றில் சேர்த்துப் பின்னுரையும் எழுதினார்.

நடுவில் ஓர் இடம் வருகிறது. துணையாக இருந்தவர்கள் எல்லோரும் போய் ஓலென்கா தனியாகிறாள். இப்போது அவளுக்கு எதைப் பற்றியும் அபிப்பிராயமே கிடையாது. கண் தெரிகிறது. பாட்டில் நிற்பதைப் பார்க்கிறாள், மழை பெய்வதைப் பார்க்கிறாள், குடியானவன் வண்டியில் போவதைப் பார்க்கிறாள். அது எதற்கு, இதற்கு என்ன அர்த்தம் என்றுதான் அவளால் சொல்ல முடியவில்லை. அது எவ்வளவு கொடுமை என்று கதைசொல்லி நேராகவே நம்மிடம் சொல்கிறார். பாட்டிலைக் கவனித்தீர்களா? இளம்வயதுக் கடிதத்தில் ஒரு பாட்டில் துண்டு இரவு முழுவதையும் பேசிவிட்டது. பிற்பாடு அவர் எழுதிய கதையில் பாட்டில் சும்மா நிற்கிறது. காட்சி மட்டும் இருந்து, அதன்மேல் ஒரு பார்வை இல்லாத மனசு எவ்வளவு சூனியம் என்பதைத்தான் அவர் எழுதியிருக்கிறார். கடிதத்தை மந்திரமாக்கிவிட்டுக் கதையை மறந்துபோனோம்.

விதியின் பிறப்புச் சான்றிதழைத் தேடினால் செகாவைவிட பெர்சி லப்பக்கிடம் போகவேண்டியிருக்கும். ஹென்றி ஜேம்ஸின் வழியைத் தராசாக வைத்து மற்ற நாவலாசிரியர்களை நிறுத்த 'கிராஃப்ட் ஆஃப் ஃபிக்‌ஷன்' என்ற அவருடைய புத்தகம் 1921-இல் வந்தது. நாற்பது வருடம் கழித்து 1961-இல் வெய்ன் பூத் 'ரெட்டரிக் ஆஃப் ஃபிக்‌ஷன்' எழுதி, காட்டுவது உயர்ந்தது சொல்வது தாழ்ந்தது என்ற பாகுபாட்டைப் பிரித்துப் போட்டார். ஆசிரியர் மறைந்துகொள்ளலாம், இல்லாமல் போக முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். எந்தக் காட்சியைக் காட்டுவது, எங்கே வெட்டுவது என்று முடிவு செய்த கணமே அவர் பேசியாகிவிட்டது. விவகாரம் அங்கே அப்போதே ஆறிவிட்டது. நாம்தான் பழைய தீர்ப்பைப் புதுச் சட்டம்போலப் பட்டறைகளில் வாசித்துக்கொண்டிருக்கிறோம்.

உடனே, ஓகோ, காட்டுவது மேல்நாட்டுச் சரக்கு, சொல்வது நம் மண்ணின் மரபு என்று கொடிபிடிக்கக் கிளம்ப வேண்டாம். அதுவும் தப்பு. சங்க அகப்பாடல்களைப்போலக் காட்டியே காரியத்தை முடித்த இலக்கியம் உலகத்தில் குறைவு. தலைவி தன் மனசைச் சொல்வதைவிடக் கடற்கரையும் நாரையும் மலைச்சாரலும் பலாவும் சொல்வது அதிகம். உள்ளுறை, இறைச்சி என்று தொல்காப்பியம் இதற்கு இலக்கணமே வைத்திருக்கிறது. ஆனால் அது எப்படி வேலை செய்தது? குறிஞ்சி என்றால் புணர்தல், நெய்தல் என்றால் இரங்கல் என்று பாடியவருக்கும் கேட்டவருக்கும் முன்கூட்டியே ஒப்பந்தம் இருந்தது. ஒப்பந்தம் தெரிந்தவர்கள் கூடிய அவையில் நாரை பேசும். அந்த அவை கலைந்தபின் என்ன ஆயிற்று? தொகுத்தவர்கள் ஒவ்வொரு பாட்டின் கீழும் இது தோழி கூற்று, இன்னாரிடம் இன்ன சமயத்தில் சொன்னது என்று துறைக்குறிப்பு எழுதவேண்டியிருந்தது. அதற்கப்பால் உரையாசிரியர்கள் வந்தார்கள். குறிப்பை மறைத்துவிட்டு ஒரு குறுந்தொகைப் பாட்டை முதல்முறை படித்துப் பாருங்கள், பேசுகிறவர் தாயா தோழியா என்பதிலேயே பலமுறை தடுமாறுவோம். காட்டுதலின் உச்சம் என்று நாம் கொண்டாடும் கவிதையே கீழே ஒரு வரி சொல்லலைக் கட்டிக்கொண்டுதான் நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

காட்சி பேச வேண்டுமென்றால் பார்க்கிறவருக்குச் சில விஷயங்கள் முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரியாத இடத்தில் யாராவது சொல்லித்தான் ஆகவேண்டும். யாருடைய உலகம் வாசகருக்கு ஏற்கனவே தெரியும், யாருடையது தெரியாது என்ற கேள்வி இங்கேதான் வருகிறது. பட்டறைகள் இதைத் தொடுவதே இல்லை.

பாமாவின் 'கருக்கு' 1992-இல் வந்தது. நாவல் இல்லை, தன்வரலாறு. ஆனாலும் எழுத்தின் கைவேலை ஒன்றுதான். அதில் வரும் ஒரு சம்பவத்தை அதைப் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் சிறுமி, தன் தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கொண்டுவருவதைப் பார்க்கிறாள். பொட்டலத்தில் கை படாமல், கட்டிய சணலின் நுனியை மட்டும் பிடித்துத் தொங்கவிட்டபடி வருகிறார். எண்ணெய்ப் பொட்டலம் அவிழ்ந்து விழுந்துவிடாதா என்று அவளுக்குத் தோன்றுகிறது. அதைக் கொண்டுபோய் உட்கார்ந்திருக்கும் நாயக்கரிடம் குனிந்து நீட்டுகிறார். அவர் பிரித்துத் தின்கிறார். சிறுமிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய் அண்ணனிடம் அந்த வேடிக்கையைச் சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. நாம் தொட்டால் தீட்டு என்று நினைக்கிறார்கள், அதனால்தான் அவர் அப்படிக் கொண்டுபோனார் என்று சொல்கிறான்.

காட்சிப்படி பார்த்தால் அது நகைச்சுவை. கட்டுமஸ்தான பெரிய மனுஷர் ஒருவர் நூல் நுனியில் வடையைத் தொங்கவிட்டு நடக்கிறார். எல்லா விவரமும் கண் முன்னால் இருக்கிறது: சணல், எண்ணெய், கை, குனிந்த முதுகு. எதுவும் மறைக்கப்படவில்லை. சிறுமி எல்லாவற்றையும் பார்த்தாள், பார்த்துவிட்டுச் சிரித்தாள். அண்ணன் வாயிலிருந்து வந்த வார்த்தைகள்தாம் அந்தச் சிரிப்பைத் திருப்பி அவள் முகத்திலேயே அடிக்கின்றன. அதன்பின் அவள் கோபப்படுகிறாள், யோசிக்கிறாள், ஏன் இவர்களுக்கு இப்படிக் கைகட்டி நிற்க வேண்டும் என்று வாசகரிடமே கேட்கிறாள். பட்டறை ஆசிரியரின் பேனா அந்தக் கேள்விகளை அடிக்கும். காட்சியே போதும், விளக்காதே, வாசகனுக்கு விடு என்று ஓரத்தில் எழுதும். விட்டிருந்தால் எந்த வாசகனுக்கு? அந்தப் பொட்டலத்தைத் தூக்கியவர் வீட்டுப் பிள்ளைக்கே அண்ணன் சொல்லித்தான் விளங்கியது. நாயக்கர் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தவருக்கு அதில் பார்க்க ஒன்றுமே இருந்திருக்காது, பலகாரம் வந்தது, தின்றார், அவ்வளவுதான்.

'கருத்தைச் சொல்லாதே' என்ற அறிவுரை யாருக்கு வசதி என்று இப்போது புரியும். நடுத்தர வர்க்கத்து அடுக்குமாடி வீட்டில் ஆறும் தேநீரைக் காட்டினால் போதும், படிக்கிறவர் மீதியை நிரப்பிக்கொள்வார். அந்த வீடு அவருக்குத் தெரியும். தெரியாத தெருவிலிருந்து எழுத வருகிறவர்கள் மேல் மட்டும் 'பிரச்சாரம்', 'வெளிப்படை', 'கலையாகவில்லை' என்ற முத்திரைகள் விழுந்துகொண்டே இருப்பதற்கு அவர்களின் திறமைக்குறைவு காரணம் என்று நான் நம்பவில்லை. ஒரே அளவுகோலைப் பொதுவானது என்று சொல்லி இரண்டு வகை வாழ்க்கைமேல் வைக்கிறோம்.

புதுமைப்பித்தனுக்கு இந்த நுட்பம் தெரிந்திருந்தது. 1934-இல் மணிக்கொடியில் வந்த 'பொன்னகரம்' கதை இரண்டு மூன்று பக்கம்தான். எடுத்த எடுப்பில் நம்மைப் பார்த்துப் பேச ஆரம்பிக்கிறார். பொன்னகரத்தைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டிபோல, கேலி வழிய வழியச் சந்தையும் சாக்கடையும் சொல்கிறார். ஆலைத் தொழிலாளி அம்மாளுவும் ஜட்கா ஓட்டும் அவள் புருஷனும் வந்து சேர்வதே தாமதமாகத்தான். அவன் அடிபட்டுக் கிடக்கிறான், பால்கஞ்சிக்குக் காசில்லை. சந்தில் காத்திருந்தவனோடு அவள் இருட்டுக்குள் போகிறாள். முக்கால் ரூபாய் சம்பாதித்துவிட்டாள் என்று ஒரு தகவல்போல வருகிறது. கடைசியில் கற்பு கற்பு என்று கூப்பாடு போடுகிறவர்களைக் கூப்பிட்டு, இதுதான் ஐயா பொன்னகரம் என்கிற தொனியில் முகத்துக்கு நேரே ஒரு வீச்சு.

பட்டறைக் கணக்கில் இந்தக் கதையில் எல்லாமே தலைகீழ். 'காட்ட'வேண்டிய உச்சக்கட்டம் இருட்டுக்குள் நடந்துவிடுகிறது. அதற்குப் பதிலாக ஆசிரியர் முன்னால் வந்து நிற்கிறார். காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அம்மாளுவின் நடுங்கும் விரல், கசங்கிய சேலை, சந்து வெளிச்சம். வாசகர் உச்சுக்கொட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருப்பார். அவளைப் பார்த்துக்கொண்டிருக்கும் வசதியான இருட்டில் அவரும் ஓர் ஆளாக நின்றிருப்பார். புதுமைப்பித்தன் அந்த வசதியைக் கொடுக்கவில்லை. பார்க்கக் கிளம்பிய கண்ணை மடக்கி, பார்க்கிறவனையே கூண்டில் ஏற்றிவிட்டார். அந்தக் கடைசி வீச்சை வெட்டிவிட்டால் மிஞ்சுவது ஒரு பரிதாபக் கதை. பரிதாபக் கதைகளுக்கு அப்போதும் பஞ்சமில்லை.

காலம் என்ற விஷயத்தில் விதி இன்னும் மோசமாகச் சறுக்குகிறது. காட்சிக்குள் அரைமணி நேரம் அடங்கும், மிஞ்சினால் ஓர் இரவு. வாழ்க்கையில் மனுஷரை வளைப்பதெல்லாம் அதைவிட நீளமான சங்கதிகள்: கடன், மழையில்லாத வருஷங்கள், மாமியார் வீடு, சாதி, ஒரே நாற்காலியில் முப்பது வருட உத்தியோகம். இவை ஒரு நாள் நடப்பவை இல்லை, நடந்துகொண்டே இருப்பவை. "சாயங்காலமானால் வருவார். துண்டை உதறித் திண்ணையில் போட்டு உட்காருவார். அப்பாவிடம் ஒன்றும் கேட்கமாட்டார்." இப்படி வழக்கத்தைச் சொல்லத் தமிழில் என்ன அழகான வாட்டம் இருக்கிறது! மூன்று வாக்கியத்தில் மூன்று வருடம் ஓடிவிடும். பட்டறையில் இதைக் கொடுத்தால், "எந்த நாள்? ஒரு குறிப்பிட்ட தருணத்துக்கு வா" என்பார்கள். குறிப்பிட்ட தருணம் இல்லை என்பதுதானே ஐயா விஷயமே. கடன்காரர் கேட்காமலே தினமும் வந்து உட்கார்ந்ததில்தான் அந்த வீட்டின் மானம் போயிற்று.

இன்னொரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். நானே இட்டுக்கட்டியது: "தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கிய கடனை அண்ணன் பதினோரு வருஷமாக அடைத்தான்; அதற்குள் தங்கச்சி இரண்டு தடவை வாழாமல் திரும்பி வந்துவிட்டாள்." இதைக் காட்சிகளாக விரிக்கலாம். வட்டிக்கடை ஒரு காட்சி, பெட்டியோடு வாசலில் நிற்கும் தங்கச்சி ஒரு காட்சி, அண்ணன் முகம் ஒரு காட்சி. மூன்றும் நன்றாகவே இருக்கலாம். ஆனால் கடனின் நீளத்தையும் கல்யாணத்தின் ஆயுளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி அளந்து பார்த்த அந்தக் கசப்பான சிரிப்பு எந்தக் காட்சியிலும் இல்லை. அது சொல்கிறவர் மனசில் இருக்கிறது. அவர் அந்த வீட்டைப் பல வருடம் பார்த்தவர், கொஞ்சம் பிரியமும் கொஞ்சம் பொல்லாத வாயும் உள்ளவர். அவரையும் சேர்த்துத்தான் நாம் கதை என்கிறோம்.

கி. ராஜநாராயணன் அந்தப் பொல்லாத வாயைக் கடைசிவரை அடைக்காதவர். 1976-இல் வந்த 'கோபல்ல கிராமம்' நாவலில், ஆந்திரப் பகுதியிலிருந்து மானத்துக்குப் பயந்து ஓடிவந்த கூட்டத்தின் கதையை 137 வயது மங்கத்தாயாரு அம்மாள் உட்கார்ந்து சொல்கிறாள். அந்தப் பயணத்தைக் காட்சி காட்சியாக 'நேரடியாக' எழுத கி.ரா.வால் முடியாதா? அதே நாவலில், கம்மல் பாம்படத்துக்கு ஆசைப்பட்டுக் கர்ப்பிணியைத் தண்ணீருக்குள் அமுக்கும் கள்ளனும், மூழ்கும்போதே அவன் கால் விரலை அவள் கடித்துப் பிடித்துக்கொள்வதும் வரும் இடத்தைப் படித்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். கண்ணால் பார்க்க வைப்பதில் அவர் யாருக்கும் சளைத்தவரில்லை. ஆனாலும் இடப்பெயர்வைக் கிழவி வாயில் கொடுத்தார். ஊர் என்பது பார்த்தால் தெரிவதில்லை. நூறு வருடம் சொல்லிச் சொல்லி, கூட்டியும் குறைத்தும், தெய்வத்தைக் கலந்தும் ஆனதுதான் ஊர். எது நடந்தது, எது கிழவியின் கைச்சரக்கு என்று பிரிக்க முடியாத அந்தக் கலவையைக் காட்டுவதற்கு வேறு வழியே கிடையாது.

சுந்தர ராமசாமி வேறு பள்ளிக்கூடத்து ஆள், நவீனத்துவர், கட்டுக்கோப்பில் பிடிவாதக்காரர். அவருடைய 'ஒரு புளியமரத்தின் கதை'யிலும் மரத்தைச் சுற்றிக் குளம் கிடந்த காலம் தாமோதர ஆசான் வாய்வழியாகத்தான் கிடைக்கிறது. பையன்கள் வாயைப் பிளந்து கேட்கிறார்கள், நாமும் அவர்களோடு உட்கார்கிறோம். 1981-இல் அவர் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' எழுதியபோது காட்சியையே ஏறக்குறைய ஒதுக்கிவிட்டார். காம்யூ இறந்ததற்கு மறுநாள், 1960 ஜனவரி 5-ஆம் தேதி, ஜே.ஜே. இறந்தான் என்ற தகவலோடு தொடங்கும் நாவல், வாதமும் நாட்குறிப்பும் அபிப்பிராயமுமாகவே போகிறது. தமிழில் ஒரு தலைமுறை எழுத்தாளர்கள் அதைக் கிட்டத்தட்ட மனப்பாடம் செய்தார்கள். அவர்களில் சிலர் இன்று பட்டறைகளில் 'கருத்தைச் சொல்லாதே' என்று பாடம் எடுக்கக்கூடும். மௌனியைப் பற்றிப் பேசவே வேண்டாம். அவர் கதைகளில் மனம் அருவமாகவே தன்னைச் சொல்லிக்கொள்கிறது. அதைக் காட்சிப்படுத்தச் சொன்னால் கோயிலும் ஒரு பெண்ணும் மிஞ்சுவார்கள், மௌனி இருக்கமாட்டார்.

எதிர்த்தரப்பிலும் கனமான ஆட்கள் உண்டு, ஒளித்து வைப்பதற்கில்லை. சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' காட்டுதலுக்கு நம்மிடம் உள்ள பெரிய உதாரணம். தூசியும் கொம்பும் மூச்சும் பக்கத்திலிருந்து எழுந்து வரும். ஆனால் பிச்சிக்கும் அந்தக் காரிக் காளைக்கும் நடுவில் இருப்பது வெறும் விளையாட்டா? அவன் அப்பன் அம்புலி அந்தக் காளையிடம் குத்துப்பட்டுச் செத்தவன். அது நமக்கு எப்படித் தெரியும்? வாடிவாசலில் நின்று வாயோயாமல் பேசும் கிழவர் சொல்லித்தான் தெரியும். அவர் பேச்சை எடுத்துவிட்டால் ஒருவன் மாடு பிடிக்கிறான், அவ்வளவுதான். அசோகமித்திரனின் 'புலிக்கலைஞன்' இன்னொன்று. வேலை கேட்டு ஸ்டுடியோவுக்கு வரும் காதர், அந்த அறைக்குள்ளேயே புலியாக மாறிப் பாயும் இடம் மெய்சிலிர்க்க வைக்கும். பட்டறைகளில் அந்த இடத்தை மட்டும் எடுத்து வாசிப்பார்கள். அதற்கு முன்னால், அந்த ஸ்டுடியோவில் வேலை எப்படி நடக்கிறது, நடக்காமல் இருக்கிறது என்பதைச் சொல்பவன் சாவகாசமாக, ஒரு குமாஸ்தாவின் சலிப்போடு சொல்லிக்கொண்டிருக்கிறான். இந்த அறையில் யார் கையிலும் எந்த அதிகாரமும் இல்லை என்பது அந்தச் சலிப்பால் நமக்குத் தெரிந்துவிடுகிறது. புலி பாயும்போது அடிவயிற்றில் ஏதோ செய்வது அதனால்தான். பாய்ச்சலுக்குப் பிறகு காதருக்கு என்ன ஆயிற்று என்பதும் சில வரிகளில் சொல்லித்தான் முடிகிறது.

'வாசகனை நம்பு' என்ற வாதத்துக்கு இங்கேயே பதில் சொல்லிவிடலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடப்பில் என்ன செய்கிறார்கள்? ஒரே ஒரு விடை உள்ள விடுகதையைத் தயார் செய்கிறார்கள். தொட்டிலில் தூசி, அலமாரியில் பிரிக்காத பொம்மை, திரும்பிப் படுத்த முதுகு. குழந்தை இறந்துவிட்டது என்று வாசகர் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தால் தேர்ச்சி. இதில் நம்பிக்கை எங்கே இருக்கிறது? குழந்தை இறந்த விஷயத்தை முதல் வரியிலேயே சொல்லிவிட்டு, அப்புறமும் படிப்பார் என்று நம்புகிறவர்தான் வாசகரை நம்புகிறவர். புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' அவள் மூச்சு அடங்கிவிட்டது என்ற செய்தியோடுதான் தொடங்குகிறது. ஒளித்து வைக்க ஒன்றும் மிச்சமில்லை. பிரமநாயகம் பிள்ளையோடு அந்த அறையில் உட்கார்ந்திருப்பது மட்டும்தான் பாக்கி. யாரும் எழுந்து போவதில்லை.

சினிமாவின் கை இதில் எவ்வளவு என்பதைத் தனியாகவே எழுதலாம். கதை அச்சாகும்போதே அதைத் திரைக்கதையாகப் பார்க்கும் கண் இளைஞர்கள் பலருக்கு வந்துவிட்டது. அதில் குற்றமில்லை, பிழைப்பு அப்படி. ஆனால் கேமராவுக்கு வாய் கிடையாது. அதனால் காட்டுவது அதன் விதி. வாயுள்ள எழுத்து ஏன் ஊமையாக வேஷம் போட வேண்டும்?

இவ்வளவும் சொன்னால், "அப்படியானால் பழைய உபதேசக் கதைகள் திரும்பி வரட்டும் என்கிறீர்களா?" என்று கேட்பார்கள். நியாயமான பயம்தான். 1879-இல் வந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' தொடங்கி மு.வ. நாவல்கள் வரை, பாத்திரங்கள் எழுந்து நின்று ஒழுக்கம் பேசும் பக்கங்களை நாம் நிறையக் கடந்து வந்திருக்கிறோம். அந்த அலுப்பில் பிறந்த விதி இது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பக்கங்கள் ஏன் அலுத்தன? எல்லோருக்கும் முன்பே தெரிந்ததை, யாருடைய குரலும் இல்லாமல் சொன்னதால். ராஜமய்யரின் 'கமலாம்பாள் சரித்திரம்' வேதாந்தத்துக்குள் போகும்போது நாம் கொட்டாவி விடுகிறோம். அதே நாவலில் ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளையின் தமிழ்ப் புலமையைக் கதைசொல்லி கிண்டலாக அளக்கும்போது நூற்று முப்பது வருடம் கழித்தும் சிரிக்கிறோம். இரண்டும் சொல்லல்தான்.

உபதேசம் ஒழிந்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை, சட்டை மாற்றிக்கொண்டது. பணக்காரக் குழந்தை காரிலிருந்து இறங்கி, சிக்னலில் பலூன் விற்கும் குழந்தையிடம் பிஸ்கட் பாக்கெட்டை நீட்டும். பார்த்துக்கொண்டிருக்கும் அப்பா கண்ணாடியைத் துடைப்பார். கதை முடியும். வரிக்கு வரி காட்சி, ஒரு அபிப்பிராயம்கூட ஆசிரியர் வாயிலிருந்து வராது. நீதிக்கதைகளின் அடியில் முன்பு கட்டம் கட்டிப் போட்ட நீதிதான், கட்டத்தை அழித்துவிட்டுப் படம் போட்டிருக்கிறார்கள். இப்படிப்பட்ட கதைக்குப் பரிசு கிடைக்கும்போது, 'ஆசிரியர் எங்கும் தலையிடவில்லை' என்று நடுவர் குறிப்பு வேறு வரும்.

சொல்வது சுலபம், காட்டுவதுதான் கஷ்டம் என்றும் ஒரு பேச்சு உண்டு. எழுதிப் பார்த்தவர்களுக்கு நேர்மாறாகவே இருக்கும். ஒரு அறையையும் இரண்டு பேரையும் வைத்து உரையாடலை ஓட்டினால் பக்கம் நிரம்பும், சுமாராகவாவது தேறும். ஆனால் "அவர்கள் அதற்கப்புறம் பன்னிரண்டு வருடம் அதே வீட்டில் இருந்தார்கள்" என்று ஆரம்பித்து அந்தப் பன்னிரண்டு வருடத்தையும் அரைப்பக்கத்தில் சொல்லப் போனால், எதை விடுவது எதை எடுப்பது என்று ஒவ்வொரு சொல்லிலும் தீர்மானிக்க வேண்டும். அந்த வருடங்களைப் பற்றி எனக்கு என்ன தோன்றுகிறது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் அரைப்பக்கத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும். காட்சியில் அதை மழையும் தேநீரும் வைத்து மூடிவிடலாம். பட்டறையில் இந்த அரைப்பக்கத்தைப் பயிற்சியாகக் கொடுத்து நான் கேள்விப்பட்டதில்லை. கொடுத்தால் நல்லது. சொல்கிறவர் யார், அவருக்கு இதில் என்ன அக்கறை, யாரிடம் சொல்கிறார் என்ற மூன்று கேள்விகளைக் கூடவே கேட்டால் இன்னும் நல்லது.

இப்போதைக்கு, உங்கள் கதையில் ஒரு வரியை அடிக்கோடிட்டு ஓரத்தில் 'காட்டு' என்று யாராவது எழுதிக் கொடுத்தால், 'பொன்னகரம்' கதையின் கடைசிப் பத்தியை நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். வெட்டிவிடுவேன் என்று பதில் வந்தால், பட்டறைக்குக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்கலாம்.